பழுது பார்க்கலாமா, தூக்கிப் போடலாமா? ஓய்வு பெற்ற பொறியாளரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் மோட்டார், பம்ப்செட் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் 1976 முதல் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மின்பொறியாளர் நான். வீட்டுக்கு ஒரு பொருள் வாங்குவதற்கு முன்பும், வாங்கிய பொருள் நின்றுபோன பின்பும் உறவினர்களும் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களும் என்னிடம் வந்து கேட்பது வழக்கம். வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளம் பொறியாளர்கள் சிலரும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒருமுறை உட்கார்ந்து பதில்களை எழுதிவிடலாம் என்று தோன்றியது. இவை என் சொந்தக் கருத்துகள். எந்த நிறுவனத்தோடும் எனக்கு இப்போது கொடுக்கல் வாங்கல் கிடையாது.

நீங்கள் புதிய தொழில்நுட்பத்துக்கு எதிரானவரா?

இல்லை. என் அம்மா ஏழு பேருக்கு இட்லி மாவு ஆட்டியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மதியம் ஊறப்போட்ட அரிசியையும் உளுந்தையும் மாலையில் ஆட்டுக்கல்லில் போட்டு, ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் மாவைத் தள்ளிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போது அவரால் தோளை உயர்த்த முடியாது. 1950களில் கோவையில் உருவான மின் கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அந்த வேலை அவர் தோளிலிருந்து இறங்கியது. 2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர்களில் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

ஆகவே இயந்திரத்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. இயந்திரம் நின்றுபோகும் நாளில் என்ன ஆகும் என்பதை, அதைச் செய்தவரும் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே மறந்துவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை. சுழலும் பொருள் எதுவாயினும் தேயும், சூடாகும் பொருள் எதுவாயினும் முதுமையடையும். இதைப் படிப்பின் முதல் ஆண்டிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்துப் பொருள்கள் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தன. இப்போது ஐந்து ஆண்டில் போய்விடுகின்றன. வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களா?

வேண்டுமென்றே செய்ததற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. ஒஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் 1924 டிசம்பரில் ஜெனீவாவில் கூடி, ஃபீபஸ் என்ற பெயரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதுவரை 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த நிறுவனத்துக்கு அபராதமும் விதித்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் அந்தக் கூட்டு சிதறியது. நீண்ட நேரம் எரிய வேண்டுமென்றால் இழையின் சூட்டைக் குறைக்க வேண்டும், சூடு குறைந்தால் அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெளிச்சமும் குறையும் என்பது உண்மை. அந்த அளவில் 1,000 மணி நேரம் என்பதற்குப் பொறியியல் நியாயம் ஓரளவு உண்டு. ஆனால் அபராதம் விதித்தது வெளிச்சத்துக்காக என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இன்றைய பொருள்களில் நான் பார்ப்பது பெரும்பாலும் வேறொன்று. மோட்டாருக்குள் பத்து ரூபாயை மிச்சப்படுத்தினால் லட்சம் மோட்டாரில் பத்து லட்சம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். செம்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியம் வருகிறது. உலோகப் பல்சக்கரம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வருகிறது. தாங்கும் திறனில் விட்டு வைக்க வேண்டிய இடைவெளி, அதாவது நூறு கிலோ தாங்க வேண்டிய இடத்தில் இருநூறு கிலோவுக்குச் செய்து வைக்கும் அந்தப் பழக்கம், ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டப்படுகிறது. கெட்ட எண்ணம் கொண்ட ஒரே ஒருவரை அங்கே தேடினால் கிடைக்க மாட்டார். சின்னச் சின்னதாக ஒப்புக்கொண்ட பலர் இருப்பார்கள்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கெட்டுப்போனவையெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன. தப்பிப் பிழைத்தவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. 1970களில் ஒரு மேசை விசிறி வாங்குவதற்குப் பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். அந்த விலைக்கேற்ற செலவை இன்று செய்தால் இன்றும் நல்ல பொருள் கிடைக்கிறது.

நீங்களே அப்படி ஒரு முடிவுக்குக் கையெழுத்துப் போட்டதுண்டா?

உண்டு. இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

1990களின் நடுவில் வீட்டுக் கிணற்றுக்கான ஒற்றை முனை (சிங்கிள் ஃபேஸ்) மின் பம்ப் ஒன்றை வடிவமைக்கும் குழுவில் இருந்தேன். மோட்டாரின் தலையில், அது சுழலத் தொடங்க உதவும் கண்டன்சரும் இணைப்புகளும் இருக்கும் சிறு பெட்டிக்கு நான்கு திருகுகள் போட்டு, நடுவே ரப்பர் வைத்து மூடுவது வழக்கம். செலவைக் குறைக்கச் சொல்லிக் கூட்டம் போட்டார்கள். நான்கு திருகும் வேண்டாம், நான்கு துளைக்கு மரை வெட்டும் நேரமும் வேண்டாம் என்று, அழுத்தினால் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் மூடி ஒன்றை நான்தான் வரைந்தேன். சோதனைக் கூடத்தில் நாலாபுறமும் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பாராட்டினார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, பொள்ளாச்சிப் பக்கம், கருகிய மோட்டாரின் கம்பிச் சுருளை மாற்றிக் கட்டித் தரும் ஒரு வைண்டிங் கடையில் வேறு வேலையாகப் போய் உட்கார்ந்திருந்தேன். மேசையின் கீழே எங்கள் பம்ப் ஐந்தாறு வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் அந்த மூடி உடைந்திருந்தது. ஒன்றில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டி, “ஏனுங்க சார், இந்த மூடிய எந்த மகராசன் வரைஞ்சானுங்க? கண்டன்சர் மாத்தோணும்னா ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பத்தான் வேணும். நெம்புனா காது ஒடைஞ்சுருது. அடுத்த மழைல தண்ணி எறங்கி வைண்டிங்கே கருகிப் போகுதுங்க” என்றார். நான் வரைந்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஒரு திருகையாவது வைத்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார்.

ஒருமுறைகூடத் திறக்காத மூடியைச் சோதித்துவிட்டு நாங்கள் தேர்ச்சி கொடுத்திருந்தோம். கண்டன்சர் மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்ற வேண்டிய உறுப்பு என்பது எனக்குத் தெரியும்; அதை மாற்றப் போகிறவரின் கை என் வரைபடத்தில் இல்லை. திரும்பி வந்து இரண்டு திருகுள்ள மூடியை வரைந்து கொடுத்தேன். அது உற்பத்திக்கு வர ஒன்றரை ஆண்டு ஆனது. அதற்குள் எத்தனை விவசாயக் குடும்பங்கள் வைண்டிங் கூலி கொடுத்திருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

ஒரு பொருள் நின்றுபோனால், பழுது பார்ப்பதா புதிதாக வாங்குவதா என்று எப்படி முடிவு செய்வது?

முதலில் எது போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமலேயே பாதிப் பொருள்கள் வீட்டை விட்டு வெளியேறுகின்றன. கூரை விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால், பெரும்பாலும் அதன் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வலுவிழந்திருக்கும். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் வேலை. மிக்சி உறுமுகிறது, ஜார் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்கும் ஜாருக்கும் நடுவே இருக்கும் நைலான் கப்ளர் தேய்ந்திருக்கும். ஜார் இறுகினால் மோட்டாருக்குப் பதிலாகத் தான் உடைய வேண்டும் என்றே வைக்கப்பட்ட உறுப்பு அது. அது உடைந்தால் மிக்சி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று பொருள். சத்தமே இல்லை என்றால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதிகச் சுமையில் தானே துண்டித்துக்கொண்ட மிக்சிகளை எத்தனையோ பேர் தீபாவளி எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருக்கிறார்கள்.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு ஆண்டுப் பழைய குளிர்பதனப் பெட்டியில் மேல் அறை உறைந்து கிடந்தது. கீழே பால் திரிந்துபோனது. வந்து பார்த்த சேவை மைய ஊழியர் கம்ப்ரசர் போய்விட்டது, சரிசெய்யும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். கம்ப்ரசர் போயிருந்தால் மேல் அறை எப்படி உறையும்? பனி உறையாத வகைப் பெட்டிகளில் குளிர் மேலேதான் உண்டாகிறது. ஒரு சிறு விசிறி அந்தக் காற்றைக் கீழே தள்ளுகிறது. குளிர்க்குழாயில் படியும் பனியை உருக்க ஒரு ஹீட்டர் நாளுக்குச் சில முறை எரிய வேண்டும். அது எரியாவிட்டால் பனி மலைபோல் சேர்ந்து காற்றின் வழியை அடைத்துவிடும். ஹீட்டரையும் அதை இயக்கும் சிறு உணரியையும் மாற்றச் சொன்னேன். தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அரை நாளில் மாற்றிக் கொடுத்தார். அந்தப் பெட்டி அதன் பிறகு ஆறு கோடைகளைப் பார்த்துவிட்டது.

சேவை மையத்து ஊழியர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நாளொன்றுக்கு இத்தனை வீடு என்று கணக்கு வைத்து, புதிய பெட்டி விற்றுக்கொடுத்தால் ஊக்கத்தொகை என்றும் வைத்தால், யோசிப்பதற்கு அவருக்கு எங்கே நேரம் இருக்கும்?

செலவைப் பொறுத்தவரை நான் பின்பற்றும் கணக்கு எளியது. புதிய பொருளின் விலையை அது உழைக்கக்கூடிய ஆண்டுகளால் வகுத்தால் ஓராண்டு வாடகை கிடைக்கும். பழுதுச் செலவு அந்த வாடகையைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்து, மேலும் மூன்று ஆண்டு ஓடும் என்று நம்ப முடிந்தால் பழுது பாருங்கள். கிரைண்டருக்கு இந்தக் கணக்குக்கூடத் தேவையில்லை. கல் தேய்வதற்கு ஒரு தலைமுறை ஆகும்; பெல்ட், பேரிங், கண்டன்சர் மூன்றும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

எவற்றைப் பழுது பார்க்கவே கூடாது?

எரிவாயு அடுப்பின் ரப்பர் குழாயை ஒட்டுப் போடாதீர்கள். ஐந்து ஆண்டு ஆனால் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். குக்கரின் பாதுகாப்பு வால்வுக்கு அதே நிறுவனத்தின் உறுப்பை மட்டும் போடுங்கள். உப்பிய கைபேசி பேட்டரியைக் குத்திப் பார்க்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டன்சரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய விசிறிக்கு மாறலாமா? நன்றாக ஓடும் பழைய விசிறியைக் கழற்றுவது வீண் இல்லையா?

இந்த ஒன்றில் நான் புதியதன் பக்கம். சாதாரணக் கூரை விசிறி ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) வகை விசிறி அதே காற்றை ஏறக்குறைய 30 வாட்டில் தருகிறது. நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது என்று வைத்தால் ஒரு விசிறியில் ஆண்டுக்கு 162 யூனிட் மிச்சமாகும். மூன்று விசிறி உள்ள வீட்டில் இது 486 யூனிட். தமிழ்நாட்டில் மின்கட்டணம் படிக்குப் படி ஏறுவதால், இந்த மிச்சம் மேல் படியிலிருந்துதான் குறையும்.

ஆனால் பழைய விசிறியில் இல்லாத ஒரு மின்னணு போர்டு இதில் உண்டு. கூரையோடு ஒட்டி, கோடை வெயிலின் சூட்டில் அது வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மின்பகுபொருள் நிரப்பிய கண்டன்சர்களுக்கு ஒரு பொது விதி உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். ஆகவே வாங்கும்போது எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதோடு, போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடைக்குப் போங்கள். எப்போதும் ஓடும் கூடத்து விசிறியை முதலில் மாற்றினால் போதும். விருந்தினர் அறையில் மாதத்தில் இரண்டு நாள் ஓடும் பழைய விசிறியைக் கழற்றி எறிவதில் எந்தச் சிக்கனமும் இல்லை.

கைபேசியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம்?

கைபேசியில் உண்மையில் தேய்வது பேட்டரி ஒன்றுதான். லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கினால் தளர்ந்துவிடும். அது வேதியியல், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து நிமிடத்தில் பின் மூடியைக் கழற்றி மாற்றிய பேட்டரியைப் பசை போட்டு உள்ளே ஒட்டியது வேதியியல் அல்ல. தண்ணீர் புகாமல் இருக்க ஒட்டுகிறோம் என்பார்கள். திருகும் ரப்பரும் வைத்து ஆழ்கிணற்றுக்குள் பல ஆண்டு மூழ்கிக் கிடக்கும் மோட்டாரை நாங்கள் செய்திருக்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் புதிய கைபேசிகளுக்கு ஒரு விதி வந்திருக்கிறது. பேட்டரி 800 முறை ஏறி இறங்கிய பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சியிருக்க வேண்டும். முக்கிய உதிரிபாகங்கள் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுக்குக் கிடைக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பும் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு வர வேண்டும். சட்டம் கேட்டவுடன் அங்கே விற்கிறவர்களால் செய்ய முடிகிறது என்றால், இங்கேயும் முடியும்.

மென்பொருளால் வரும் முதுமைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. அடுத்த பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாததால், திரையும் விசைப்பலகையும் நினைவகமும் நன்றாக இருக்கும் எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. என் கணினியும் அவற்றில் ஒன்று. அதில் லினக்ஸ் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கைபேசியைப் பொறுத்தவரை, நான்காம் ஆண்டில் பேட்டரியை மாற்றிவிட்டு, பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்வரை வைத்திருங்கள் என்பேன். வங்கிச் செயலி இருக்கும் கைபேசியைப் புதுப்பிப்பு நின்ற பிறகும் ஓட்டச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆடித் தள்ளுபடி, வட்டியில்லாத் தவணை, கூடுதல் வாரன்டி இவற்றைப் பயன்படுத்தலாமா?

வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது. இதை நான் சொல்லவில்லை. சுழிய விழுக்காடு வட்டி என்ற கருத்தே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியிலோ, செயலாக்கக் கட்டணம் என்ற பெயரிலோ வட்டி உட்கார்ந்திருக்கும். கடையில் நின்று, முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

தவணையால் வரும் கேடு வட்டியோடு முடிவதில்லை. மாதம் இரண்டாயிரம்தானே என்று நினைக்கும்போது பொருளின் விலை கண்ணிலிருந்து மறைகிறது. எழுபதாயிரம் ரூபாய்த் தொலைக்காட்சியை வாங்கலாமா என்று ஒரு குடும்பம் ஒரு வாரம் பேசும். மாதம் இரண்டாயிரம் என்றால் ஐந்து நிமிடத்தில் கையெழுத்தாகிவிடும். பெண்ணுக்குச் சீர் கொடுப்பதற்காக மூன்று பொருள்களைத் தவணையில் எடுத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் அவற்றில் ஒன்று அட்டைப்பெட்டியோடு பரணில் கிடப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கூடுதல் வாரன்டிக்குக் கேட்கும் பணத்தை ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு வையுங்கள். எல்லாப் பொருளுக்கும் சேர்த்து அப்படிப் போட்டு வந்தால், கெட்டுப்போகும் ஒன்றிரண்டுக்கு அது தாராளமாகப் போதும். பத்தாண்டு வாரன்டி என்று கொட்டை எழுத்தில் இருந்தால் எதற்கு என்று படியுங்கள். பெரும்பாலும் கம்ப்ரசருக்கோ மோட்டாருக்கோ மட்டும் இருக்கும்; கம்ப்ரசரை ஓட்டும் போர்டுக்கு ஓராண்டோடு முடிந்துவிடும்.

நுகர்வோருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறதா?

இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் நீங்களே புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். பல குறைகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இப்போது தரும் ரசீதுத் தாள்களின் எழுத்து ஓராண்டில் மங்கிவிடும்.

பழுது பார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கையும் முதலில் எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் உதிரிபாகத்தை இத்தனை ஆண்டுக்கு, இந்த விலைக்கு மேல் போகாமல், வெளிக்கடை மெக்கானிக்குக்கும் விற்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டமாக வர வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்களில் முதல் ஆள் விவசாயி என்பது என் கருத்து. கைபேசி நின்றால் எரிச்சல் வரும். நடவு நேரத்தில் பம்ப் நின்றால் பயிர் போய்விடும்.

வாரத்துக்கு 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைத்தால்தான் நாடு முன்னேறும் என்கிறார்களே?

1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு செய்த முதல் உடன்படிக்கையே தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது பற்றியதுதான். சிங்காரவேலர் 1923-இல் சென்னையில் இந்நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடினார்; அந்த எட்டு மணி நேரத்துக்கான போராட்டத்தின் நினைவு நாள்தான் மே நாள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 48 மணி நேரத்தை வரம்பாக வைத்து, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்றது. இந்த எண்களைச் சும்மா யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் பல ஆண்டு தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். ஆர்டர் நெருக்கடியில் ஆட்களைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்திய வாரங்களில், கடைசி நான்கு மணி நேரத்தில் கட்டிய மோட்டார்கள்தான் சோதனை மேசையில் அதிகம் விழும். காயிலின் முனை மாறியிருக்கும், காப்புத் தாள், கம்பி உட்காரும் பள்ளமான காடி ஒன்றில் விட்டுப்போயிருக்கும். அவற்றைப் பிரித்து மறுபடி கட்டுவதற்குப் போன நேரத்தைக் கழித்தால், கூடுதல் நேரத்தில் கிடைத்தது கொஞ்சம்தான். தானும் நிறுவனத்தில் பங்குதாரராக இருக்கும் ஒருவர் 90 மணி நேரம் உழைக்கலாம்; அது அவர் விருப்பம். சம்பளத்துக்கு வேலை செய்கிறவரிடம் அதைக் கேட்பது, விலை கொடுக்காமல் பொருள் கேட்பது போன்றது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. என் மகன் பொறியியல் படிக்கலாமா, ஐ.டி.ஐ. படிக்கலாமா?

நான் கல்லூரியில் ஸ்லைடு ரூல் என்ற, நகர்த்திக் கணக்கிடும் அளவுகோலால் கணக்குப் போட்டேன். பிறகு கால்குலேட்டர் வந்தது, வரைபலகை போய்க் கணினி வந்தது, லேத் இருந்த இடத்தில் கணினி இயக்கும் எந்திரம் வந்தது. ஒவ்வொரு முறையும் கணக்கைப் போடும் வேலை போனது. விடை சரியா என்று சொல்லும் வேலை தங்கியது. அந்த வேலைக்குப் பொருளைக் கையால் தொட்டிருக்க வேண்டும். நாற்பது டிகிரி சூடு எப்படி இருக்கும், எண்பது டிகிரி எப்படி இருக்கும் என்று மோட்டாரின் மேல் கை வைத்து அறிந்தவரிடம், கணினி 140 என்று காட்டினால் அவர் உடனே நிறுத்திக் கேட்பார்.

கோவையில் ஜி.டி. நாயுடு 1940களிலேயே பொறியியல் படிப்பின் காலத்தைக் குறைத்து, பட்டறைப் பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்று வாதாடியவர். அவர் சொன்ன காலக் கணக்கை நான் முழுதாக ஏற்கவில்லை, கணிதத்துக்கு அந்த ஆண்டுகள் வேண்டும். பட்டறையைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி.

வைண்டிங் கடைக்கு ஒருமுறை உங்கள் மகனை அழைத்துப் போங்கள். கருகிய மோட்டாரை அங்கே உடனே பிரித்துப் போட மாட்டார்கள். முதலில் பழைய காயிலின் ஒரு பக்கத்தை வெட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணி, கேஜால் தடிமனை அளந்து, எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குப் போகிறது என்று சுவரிலோ நோட்டிலோ குறித்துக்கொள்வார்கள். எண்ணிக்கையில் நாலைந்து சுற்றுக் குறைந்தாலே மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகும். கம்பியை உருவும் அவசரத்தில் சிலர் இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த மோட்டாரின் உள்ளகத்தைத் தீயில் காட்டுவார்கள். தகடுகளுக்கு நடுவே இருக்கும் காப்புப் பூச்சு எரிந்துபோனால், அந்த மோட்டார் பிறகு வாழ்நாள் முழுதும் கூடுதல் மின்சாரத்தைத் தின்னும். நல்ல கடைக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். ஏன் செய்யவில்லை என்று கேட்டால், ஒரு பொறியாளர் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்வார்.

ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கைத்தேர்ச்சியோடு பட்டயப் படிப்புக்கும் அதன்பின் பட்டத்துக்கும் போனவர்கள் என் குழுவில் இருந்தார்கள். ஏற்கெனவே சொன்ன மூடியை அவர்களிடம் காட்டியிருந்தால் முதல் நாளே திருகு எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

கெட்டுப்போனதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும் என்றால் எங்கே போடுவது?

குப்பை வண்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, விற்ற பொருள் கழிவான பிறகு அதை மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. செம்புக்காகக் கம்பியை வெட்ட வெளியில் எரிப்பவரிடம் கொடுத்தால் அந்தப் புகை யாரோ ஒரு குழந்தையின் நெஞ்சுக்குத்தான் போகும். ஓடும் நிலையில் உள்ள பழைய மிக்சி, விசிறி என்றால் பழுதுக் கடையில் கொடுங்கள், உதிரிபாகம் எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டில் என்னென்ன கருவிகள் வைத்திருக்க வேண்டும்?

நல்ல எஃகில் செய்த இரண்டு ஸ்குரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டர், ஒரு சிறு மல்டிமீட்டர், இன்சுலேஷன் டேப். மலிவான ஸ்குரூ டிரைவர் திருகின் தலையை வழித்துவிடும். அதன்பின் எந்தப் பொருளையும் திறக்க முடியாது. இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகே எதையும் திறக்க வேண்டும். சுவிட்சை அணைத்தது போதாது. கூரை விசிறிக்குப் பிளக் இல்லை என்பதால், மெயினை அணைத்துவிட்டு டெஸ்டரால் தொட்டுப் பார்க்க வேண்டும். டெஸ்டரே கெட்டிருந்தாலும் எரியாது என்பதால், மெயினை அணைப்பதற்கு முன்பே மின்சாரம் இருக்கும் ஒரு பிளக் பாயின்டில் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஏணியில் ஏற வேண்டும். வீட்டின் மெயினில், மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுக் காப்பு (ஆர்.சி.சி.பி.) இல்லையென்றால், மற்றக் கருவிகளை வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் பொருத்துங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கழற்றும் திருகுகளைப் போட ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது, எனக்கும் இருப்பதில்லை.